பாலக்கரைக்குப் போன ஆறு டைனோசர்கள்

நம் வயதுக்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் படங்கள் எனக்கும் வருகின்றன. பம்பரம், கோலி, பல்லாங்குழி, மரச்சொப்பு. கீழே ஒரு வரி: இவற்றோடு விளையாடியிருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். ஆனால் நான் விளையாடியது அவற்றோடு இல்லை. ஶ்ரீரங்கத்தில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, நான் விளையாடியது டைனோசர்களோடு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவைத்துப் படிக்கும் வயதுக்கு வந்துவிட்டோம். இனியாவது நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

ஆறு இருந்தன. கடைத்தெருவில் சாக்குப்பையில் தொங்கிய, ஒரே அச்சில் வார்த்த பச்சைப் பொம்மைகள் இல்லை. இவற்றுக்கு மூட்டுகள் இருந்தன. தோளிலும் இடுப்பிலும் ஆணி வைத்து, கால்கள் முன்னும் பின்னும் போகும். கழுத்து ஒரு குழிக்குள் உருண்டை போல உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கமும் திருப்பலாம். வாலை அழுத்தினால் ஒன்றுக்கு வாய் திறக்கும். அதைப் பல்லன் என்றோம். நீளக்கழுத்துக்குக் கழுத்தே ஐந்து துண்டு. துண்டு துண்டாக வளைத்து, சமையலறை ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்க வைக்கலாம். மூன்று கொம்பு உள்ளது கொம்பன். உண்மைப் பெயர்கள் வயிற்றில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தன. எங்கள் இருவராலும் அவற்றைப் படிக்க முடியவில்லை. படித்துக் காட்டும்படி யாரையும் கேட்கவும் இல்லை.

எங்கள் இருவர் என்றால், நானும் என் தோழியும். திருச்சி டவுனில் இருந்த பள்ளியில் ஒரே பெஞ்ச். அவள் வீடு பாலக்கரை. அவள் அத்தா, எங்கள் வீட்டுப் பேச்சில் அப்பா, வளைகுடாவில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ‘என்னம்மா வேணும்?’ என்று ஒவ்வொரு முறையும் கடிதத்தில் கேட்பார். மற்றப் பிள்ளைகளின் வீட்டுக்கு வாசனைச் சோப்பும் போர்வையும் வந்த அட்டைப்பெட்டியில் இவளுக்கு டைனோசர் வந்தது. பெட்டியைப் பிரித்து ஒரு மாதம் ஆன பிறகும் பல்லனின் வயிற்றை முகர்ந்தால் புது ரப்பரும் அத்தரும் கலந்து மணக்கும். எனக்கு இன்றும் வெளிநாடு என்றால் அந்த மணம்தான்.

ஒரு மதிய இடைவேளையில் பல்லனை என் கையில் கொடுத்தாள்.

“ஒரு வாரம் வச்சுக்க.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னொரு வாரம் வச்சுக்க.”

பதிலுக்கு நான் மாவடு கொடுத்தேன். அடுத்த மாதம் நீளக்கழுத்து வந்தது. தீபாவளிக்குள் ஆறும் எங்கள் வீட்டில் இருந்தன. ஒன்றைக்கூட அவள் திருப்பிக் கேட்கவில்லை. மாவடுவின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். வார நாட்களில் நாளுக்கு ஒன்றாகப் பைக்குள் வைத்து பள்ளிக்கு எடுத்துப் போவேன். மைதானத்து வேப்பமரத்தடியில் இருவரும் அதை நடக்கவிடுவோம்.

சண்டை போடவிடுவது எங்களுக்குப் பிடிக்கவில்லை. நடை, அதுதான் எங்கள் ஆட்டம். முன்னங்கால் எத்தனை தூரம் போனால் பின்னங்கால் விழாமல் நிற்கும் என்பதை ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். முதுகில் தட்டுகள் அடுக்கிய தட்டுமுதுகின் இடுப்பு ஆணி உடைந்தபோது தீர்ந்துபோன பேனா ரீஃபிலை வெட்டிச் செருகினேன். பழையதைவிட நன்றாக நடந்தது. மார்கழி பிறந்ததும் அம்மா வாசலில் போட்ட கோலத்தின் ஓரம் ஈர மண்ணில் பல்லனை நடத்தினேன். அம்மா குனிந்து பார்த்தாள்.

“என்னடி இது, கொக்கு வந்துதா?”

“டைனோசர்.”

“சரி. கோலத்துக்குள்ள வராமப் பாத்துக்கோ.”

தோழி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நான் அழைக்கவில்லை. அழைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லாமலே தெரிந்த விஷயங்கள் அந்த வயதில் எத்தனை இருந்தன என்று எண்ணிப்பாருங்கள்.

வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு பெரியப்பா சென்னையிலிருந்து வந்தார். அப்பாவின் ஒரே அண்ணா. பெரிய உத்தியோகம். ஒவ்வொரு வருடமும் சொர்க்கவாசல் சேவிக்க வருவார்; அந்த ஐந்து நாளும் வீட்டில் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. விருந்தாளிகளுக்காக ஹாலைக் காலி செய்தபோது என் ஆறையும் கொல்லைக்குப் போகும் வழியில் இருந்த பரணில் ஏற்றினார்கள். தசமி அன்று மதியம் பெரியப்பா குளித்து, மடி வேட்டியும் திருமண்ணுமாக அந்த வழியாக வந்தார். அதே நேரத்தில் அப்பா ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து மெத்தைச் சுருளை இழுத்துக்கொண்டிருந்தார். மெத்தையோடு சேர்ந்து வந்த நீளக்கழுத்து பெரியப்பாவின் உச்சந்தலையில் விழுந்தது. அங்கிருந்து தோளுக்கு வழுக்கி, கழுத்து பூணூலில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

பெரியப்பா அலறிய அலறலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

“பல்லிடா! எடுடா! பல்லி!”

“அண்ணா, பொம்மைண்ணா. குழந்தையோட பொம்மை.”

“பொம்மையா? இவ்ளோ நீளத்துக்கு எவன்டா பல்லி பொம்மை பண்றான்?”

நான் போய்க் கழற்றினேன். கழுத்தின் மூன்றாவது துண்டில் நூல் சிக்கியிருந்தது. நான் எடுக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் தலைக்கு மேல் விழுந்தது என்ன கணக்கு என்ற கேள்வி எழுந்தது. பெரியப்பா ஹாலில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னார். பல்லி உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று அதன் கடைசிப் பக்கத்தில் பட்டியல் இருக்கும். அப்பா விரலை ஓட்டிப் படித்தார்.

“சிரசு, கலகம். வலது தோள், வெற்றி.”

“மொதல்ல பட்டது சிரசுதானே?”

“ஆமாம்ண்ணா.”

“அப்போ கலகம்தான். மறுபடி தீர்த்தமாடணும்.”

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை.

“பெரியப்பா, நீங்கதான் காஞ்சிபுரத்துல தங்கப் பல்லியைத் தொட்டிருக்கேளே. தொட்டவாளுக்குப் பல்லி தோஷம் கெடையாதுன்னு போன வருஷம் சொன்னேள்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“அது நெஜப் பல்லிக்கு.”

“அப்போ இது நெஜப் பல்லி இல்லையா?”

“இல்லை.”

“இல்லேன்னா எதுக்குக் குளிக்கணும்?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியப்பா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். “உன் பொண்ணை வக்கீலுக்குப் படிக்க வைடா” என்று அப்பாவிடம் சொன்னார். பஞ்சாங்கத்தை மூடினார். பல்லி விவகாரம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. நான் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னாளில் வீட்டில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும், ‘தலையில் பல்லி விழுந்தது, பெரியப்பா கோபப்பட்டார்’ என்றே சொல்கிறார்கள். அப்படி இல்லை. அதற்குப் பிறகு நீளக்கழுத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபடி அவர் மூன்று கேள்விகள் கேட்டார். வரிசை எனக்கு மறக்கவில்லை.

“நன்னாத்தான் பண்ணியிருக்கான். எந்த ஊர் சாமான்?”

“வெளிநாட்டுலேர்ந்து வந்தது.”

“யார் குடுத்தா?”

“என் ஃபிரண்டு.”

“எந்தத் தெருப் பொண்ணு?”

“பாலக்கரை. அவ அத்தா வளைகுடாவுல இருக்கார்.”

அத்தா என்ற சொல்லை எங்கள் ஹாலில் முதல்முறையாக நான்தான் சொல்லியிருப்பேன். பெரியப்பா நீளக்கழுத்தைக் கீழே வைத்தார். கோபம் இல்லை. குரலும் உயரவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “துவாதசிப் பாரணைக்கு முன்னாடி இதெல்லாம் ஆத்தை விட்டுப் போயிடணும்.”

“சரிண்ணா” என்றார் அப்பா.

அப்பா நல்லவர். யாரிடமும் இரண்டாவது வார்த்தை பேசமாட்டார். அதை எல்லாரும் பொறுமை என்றார்கள். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, குப்பையில் போடமாட்டேன் என்று சமாதானம் சொன்னார். துவாதசி காலையில் அம்மா மண்டபம் படித்துறையில், காவேரியில் விட்டுவிடலாமாம்.

“மிதக்கும்ப்பா.”

“பையில போட்டுக் கல்லைக் கட்டினா மிதக்காது.”

ஒரு கெட்டிக்கார யோசனையைச் சொன்ன முகம் அவருக்கு. ஆறு டைனோசர்கள். எதுவும் என்னுடையது இல்லை. போய்விட்டால் அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்தில் எந்த முகத்தோடு உட்காருவேன் என்பதுதான் எனக்குக் கவலை. அதைவிட, எங்கள் வீட்டில் என்ன காரணம் சொன்னார்கள் என்று அவள் கேட்டால்?

ஏகாதசி காலை அம்மாவைத் தவிர எல்லாரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வயிற்றுவலி என்று படுத்திருந்தேன். அவர்கள் போனதும் ஆறையும் மஞ்சள் பையில் போட்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்று உபவாசம்.

“எங்கே?”

“பாலக்கரை. அவளோடதை அவகிட்டயே குடுத்துடறேன்.”

அம்மா பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துவந்தாள். “அவா சேவிச்சுட்டு வர பன்னெண்டு ஆகும். அதுக்குள்ள வந்துடு. நெத்திக்கு இட்டுண்டு போ.”

இதை அன்பு என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. முந்தின நாள் ஹாலில் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பல வருடம் கழித்து அவளிடமே கேட்டேன். “நான் பேசியிருந்தா, மறுநாள் உன்னை வெளில விட்டிருப்பாளா?” என்றாள். அதுவும் சரிதான். எனக்குக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதுவும் சரிதான்.

தனியாக பஸ் ஏறியது அன்றுதான் முதல்முறை. ஏகாதசி அன்று பஸ் ஊருக்குள் வராது. எதிரே வந்த கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அம்மா மண்டபம் சாலைவரை நடந்தேன். தமிழ்நாடே ஶ்ரீரங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தது. வெளியே போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், நான்.

“எல்லாரும் உள்ள வர்றாங்க, நீ மட்டும் வெளிய போற. சாமி பாத்தாச்சா பாப்பா?”

“பாத்தாச்சு.”

“பையில என்ன?”

“டைனோசர்.”

“உயிரோடயா?”

“செத்து ஆறரைக் கோடி வருஷம் ஆச்சு.”

“அப்ப அதுக்கு டிக்கெட் வேணாம்” என்று எனக்கு மட்டும் அரை டிக்கெட் கிழித்தார். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது தண்ணீரைப் பார்த்தேன். பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

பாலக்கரையில் இறங்கி, மூன்று கடையில் வழி கேட்டு, பச்சைக் கதவு வீட்டைக் கண்டுபிடித்தேன். தோழியின் அம்மா திறந்தார். அவரைப் பள்ளி வாசலில் பார்த்திருக்கிறேன்.

“வாம்மா, வா. யாரோட வந்தே?”

“நான் மட்டும்தான்.”

“தனியாவா? இன்னைக்கு உங்க ஊர்ல திருவிழாவாச்சே!”

தோழி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தவள் பையைப் பார்த்ததும் நின்றாள். மஞ்சள் துணிக்கு வெளியே கொம்பனின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பயனில்லை. அவள் அம்மா பார்த்துவிட்டார்.

“இதெல்லாம் இன்னும் இருக்கா? எல்லாத்தையும் யாருக்கோ குடுத்துட்டேன்னுல்ல சொன்னே!”

“குடுத்துட்டேன். அவதான் திருப்பிக் கொண்டாந்துட்டா.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாவடுவும் இல்லை, தாராளமும் இல்லை. அவள் வீட்டிலிருந்து காப்பாற்றத்தான் ஆறையும் என்னிடம் அனுப்பியிருந்தாள். நான் அவற்றைக் காப்பாற்ற அவள் வீட்டுக்கே கொண்டுவந்து நிற்கிறேன்.

அவள் அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பெரியவர்களுக்குச் சொல்வதுபோல விளக்கினார். “கோவிச்சுக்காதம்மா. உருவம் வச்சிருக்கிற வீட்டுக்குள்ள மலக்குமாருங்க வரமாட்டாங்க. மலக்குன்னா வானத்துலேர்ந்து வர்றவங்க. அதான் வேணாம்னேன். நீ ஏன் கொண்டாந்தே?”

நான் பரண், மெத்தை, பூணூல், பஞ்சாங்கம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது கேள்வியைச் சொல்லவில்லை. அது ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“உங்க வீட்டுல பல்லி ஆகாது. எங்க வீட்டுல உருவம் ஆகாது. இதுங்க எங்கதான் போவும்?”

“அத்தா வாங்கிக் குடுத்தது” என்றாள் தோழி. “அத்தாகிட்ட கேளுங்க.”

“உங்க அத்தா அங்க இருக்காரு. இந்த வீட்டுல தொழுவுறது நானு.”

“நாளைக்குக் காலம்பர அப்பா காவேரில போட்டுடுவார்” என்றேன்.  அவர் சிரிப்பை நிறுத்தினார். பையை வாங்கி உள்ளே பார்த்தார்.

“தலை இல்லாட்டி உருவத்துல சேராதுன்னு சொல்லுவாங்க. உடைச்சுப் போட்டுட்டு வேணா வச்சுக்குங்க.”

தோழி பல்லனை எடுத்தாள். ஒரு கையால் உடம்பையும் மறு கையால் தாடையையும் பிடித்துத் திருகினாள். டப் என்று ஒரு சத்தம். உருண்டை குழியிலிருந்து வெளியே வந்தது. எதுவும் உடையவில்லை. தலையில்லாத பல்லனைத் தரையில் நிறுத்தினாள். அது நின்றது.

“இப்ப இருக்கலாமா?”

அவள் அம்மா அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நான் அந்த முகத்தைக் கவனித்தேன். முந்தின நாள் ஹாலில் நான் பேசியபோது பெரியப்பாவிடம் பார்த்த அதே தடுமாற்றம். ஆனால் இவர், எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்கவில்லை.

“உடம்பு இருக்கட்டும். தலை? மூஞ்சிதானேடி உருவம்? அது இங்க இருக்கக் கூடாது.”

“தலையை நான் எடுத்துண்டு போறேன்” என்றேன்.

ஒவ்வொன்றாகத் திருகினோம். தட்டுமுதுகு, கொண்டைக்காரி, வாலில் குண்டு உள்ளது, எல்லாம் டப் டப் என்று வந்தன. நீளக்கழுத்தில் கழுத்து எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்று வாக்குவாதம் வந்தது. “கழுத்தோட எடு, வம்பு வேணாம்” என்று அவள் அம்மா தீர்ப்புச் சொன்னார். ஐந்து துண்டும் என் பக்கம் வந்தன.

கொம்பன் மட்டும் வரவில்லை. அதன் தலையும் தோளும் ஒரே வார்ப்பு. இருவரும் மாற்றி மாற்றித் திருகிக் கை சிவந்ததுதான் மிச்சம். அவள் அம்மா அதை வாங்கி, வாசலுக்கு வெளியே மதில்மேல் வைத்தார். நான் கிளம்பும்போது அங்கே இருந்தது. பிறகு அது அங்கே இல்லை என்று திங்கட்கிழமை பள்ளியில் தோழி சொன்னாள். எந்தப் பிள்ளை எடுத்துப் போனதோ. ஐந்தைக் காப்பாற்றினோமே என்று யாராவது சொன்னால் எனக்கு ஆறாவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

“அந்தத் தலைங்களை எப்பக் கொண்டாருவே?” என்று வாசலில் தோழி கேட்டாள்.

அவள் அம்மாவைப் பார்த்தேன்.

“சனிக்கிழமை வாம்மா. மதியத் தொழுகை முடிஞ்சப்புறம் வா. மாட்டி வெளையாடிட்டு, போறப்ப கழட்டி எடுத்துட்டுப் போயிடணும்.”

பன்னிரண்டுக்குள் வீட்டில் இருந்தேன்.

துவாதசி காலை அப்பா காலிப் பையோடும் கல்லோடும் கொல்லையில் நின்றார். அவளிடமே கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி. கல்லை எடுத்த இடத்தில் திருப்பி வைத்தார். பாரணைக்கு இலை போட்டிருந்தது. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. பெரியப்பா முதல் கவளத்தை எடுப்பதற்கு முன் என்னைப் பார்த்தார்.

“பல்லியெல்லாம் போயாச்சா?”

“போயாச்சு பெரியப்பா.”

“யார்கிட்ட குடுத்தே?”

“அவகிட்டதான். பாலக்கரைக்கு நானே போய்க் குடுத்துட்டு வந்தேன். தனியா, பஸ்ல.”

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. அப்பா இலையைப் பார்த்தார். போய்விட்டது என்ற வார்த்தையோடு நான் நிறுத்தியிருந்தால் பெரியப்பா அதோடு விட்டிருப்பார். எனக்கு நிறுத்த இஷ்டமில்லை.

“இனிமே அங்கெல்லாம் போகப்படாது” என்றார் பெரியப்பா.

“சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கா. போவேன்.”

 பெரியப்பா என்னை ஏதாவது சொல்லியிருப்பார். ஆனால் உபவாசம் முடிக்கிற நேரத்துக்குக் கெடு இருந்தது. குனிந்து சாப்பிடத் தொடங்கினார். நான் உள்ளே போய் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து தலைகள், ஐந்து கழுத்துத் துண்டுகள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குச் செருப்பை மாட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.